கிளவுட் இமேஜில் ஃபைல் அனுமதி: திருத்தும்போது செய்யும் தவறுகள்

உபுண்டு கிளவுட் சர்வரில் நெட்வொர்க் அமைப்பைக் கவனிக்கும் நெட்பிளானை ஓட்டியதும், கிளவுட்-இனிட் (சர்வர் முதன்முறை பூட் ஆகும்போது அதை அமைக்கும் நிரல்) எழுதிய 50-கிளவுட்-இனிட் என்ற யாம்ல் (அமைப்பு விவர) ஃபைலின் அனுமதி அளவுக்கு மேல் திறந்திருக்கிறது என்று ஓர் எச்சரிக்கை வரலாம். நெட்வொர்க்தான் ஓடுகிறதே என்று பலர் அதைக் கண்டுகொள்வதில்லை. ஐபி முகவரியைத் தானாகப் பெறச் சொல்லும் டிஹெச்சிபி வரிகள் மட்டும் இருக்கும்வரை பெரிய ஆபத்து இல்லைதான். ஆனால் வயர்கார்ட் என்ற விபிஎன்னின் ரகசியச் சாவியும் வைஃபை பாஸ்வேர்டும் எழுதப்படுவது அதே ஃபோல்டரில்தான். ஃபைலின் அனுமதி எண் 644 என்றால் அந்த மெஷினில் கணக்குள்ள எவரும் படிக்கலாம்; யாரோ கைப்பற்றிய வெப் சர்வர் பிராசஸும் படிக்கலாம். நெட்பிளான் வழியாக வயர்கார்ட் சாவி கசிய இடம் கொடுத்த குறைக்கு சிவிஇ-2022-4968 என்ற எண்ணே உண்டு (சிவிஇ என்பது பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியல்).

சரி, உரிமையாளர் மட்டும் படித்து எழுதக்கூடிய 600 ஆக்கிவிடலாம். அதற்காக, சிஸ்டத்தின் அமைப்பு ஃபைல்கள் இருக்கும் இடிசி ஃபோல்டர் முழுவதற்கும் ஒரே அடியாக, அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளையில் 600 போடாதீர்கள். ஃபோல்டருக்குள் நுழைய விடும் எக்ஸ் அனுமதி போய்விட்டால் ரூட்டுக்கு (நிர்வாகிக் கணக்கு) எதுவும் உறைக்காது; மற்ற பயனர்களுக்கோ ஹோஸ்ட்ஸ் ஃபைல்கூட எட்டாது. நெட்பிளான் ஃபோல்டருக்குள் இருக்கும் யாம்ல் ஃபைல்களுக்கு மட்டும் 600, உரிமையாளர் ரூட். அது போதும்.

அதிகம் பேர் சறுக்குவது அடுத்த இடத்தில். ஓடும் சர்வரில் திருத்திவிட்டு, அதையே இமேஜாக (புதிய சர்வர்களை உருவாக்கும் அச்சு நகல்) எடுத்து, வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்த இமேஜிலிருந்து எழும் புதிய சர்வர், அதாவது இன்ஸ்டன்ஸ், முதன்முறை பூட் ஆகும்போது கிளவுட்-இனிட் அந்த ஃபைலை மறுபடி எழுதும். இமேஜில் இருப்பது பழைய கிளவுட்-இனிட் என்றால் திரும்பவும் 644தான். ஆகவே அந்தப் பேக்கேஜைப் புதுப்பித்துவிட்டு இமேஜ் எடுங்கள். பிறகு அதிலிருந்து ஒரு புது இன்ஸ்டன்ஸ் எழுப்பி, ஸ்டாட் கட்டளையில் அனுமதியைக் கண்ணால் பாருங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது என்பேன்.

கிளவுட்-இனிட்டின் ரைட்-ஃபைல்ஸ் பகுதியில் நீங்களே ஃபைல் எழுதுகிறீர்களா? அனுமதியைக் குறிப்பிடாவிட்டால் அது 644 ஆகும். குறிப்பிடும்போது 0600 என்பதை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். குறியும் முன் பூஜ்யமும் இல்லாமல் 600 என்று எழுதினால் அது சாதாரணப் பதின்ம எண்ணாகிவிடும். அனுமதி எண்கள் எழுதப்படும் எட்டடிமானத்தில் அது 1130. உரிமையாளருக்கே படிக்கும் அனுமதி இருக்காது, குழுவுக்கோ எழுதும் அனுமதி கிடைத்துவிடும்!

திருத்துவதற்கு முன் எடுத்து வைத்த பேக்கப் நகல்களையும் தேடுங்கள்; அவை 644 ஆகவே கிடக்கும். லாக் ஃபைல்களையும் பாருங்கள். கிளவுட்-இனிட் தானாக உருவாக்கிய பாஸ்வேர்ட், எல்லோரும் படிக்கும் லாகில் பதிவானது சிவிஇ-2021-3429.

அனுமதியை இறுக்கினாலும் ஏற்கெனவே படிக்கப்பட்ட சாவி படிக்கப்பட்டதுதான். அந்த ஃபைலில் சாவியோ பாஸ்வேர்டோ இருந்திருந்தால் இன்றே மாற்றுங்கள். பழைய ஸ்னாப்ஷாட்களிலும் (டிஸ்கின் நகல்கள்) அதே சாவி இருக்கும் என்பதால், தேவையில்லாதவற்றை அழித்துவிடுங்கள்.