குழாய் இல்லாத ஊரில் தன்னார்வப் பணி: தண்ணீரைப் பகுத்துப் புழங்கும் முறை

நெல்லைச் சீமையிலிருந்து உகாண்டா, மலாவி, தான்சானியா போன்ற நாடுகளுக்குத் தன்னார்வலராகப் புறப்படுகிறவர்கள், தங்கப்போகும் வீட்டில் குழாய் இராது என்று அறிந்ததும், தண்ணீர் போதுமா என்றே கவலைப்படுகிறார்கள். எந்தத் தண்ணீர் எந்த வேலைக்கு என்று பிரித்துவைக்கத் தெரிந்தவருக்குக் குறைந்த தண்ணீரே போதும் என்பது என் உறுதியான கருத்து. இராதாபுரம், திசையன்விளைப் பக்கங்களில் நல்ல தண்ணீரைத் தனியாகவும் உப்புத் தண்ணீரைத் தனியாகவும் வைத்துப் புழங்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி முன்பே கைவந்திருக்கும்.

படி 1: ஊரிலேயே பழகுங்கள்

புறப்படுவதற்கு முன் ஒரு நாள் முழுவதும் வீட்டுக் குழாயைத் திறக்காமல், 20 லிட்டர் கேன் ஒன்றை மட்டும் வைத்துச் சமாளித்துப் பாருங்கள். நிவாரணப் பணிகளுக்கான ஸ்ஃபியர் கையேடு, குடிக்கவும் சமைக்கவும் உடலைத் தூய்மையாக வைத்துக்கொள்ளவும் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும் என்கிறது. ஆகவே 20 லிட்டர் நெருக்கடியான அளவுதான் என்றாலும் முடியாத அளவு அன்று. அந்தக் கேனைத் தெருமுனையிலிருந்து நீங்களே தூக்கி வாருங்கள். கிழக்கு ஆப்பிரிக்கக் கிராமங்களில் மஞ்சள் நிறக் கேன்களில் இதே 20 கிலோ எடையைப் பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களுமே சுமக்கிறார்கள். அந்தப் பாரத்தை உணர்ந்தவர், விருந்தாளி என்ற உரிமையில் இன்னொரு கேன் கேட்கத் தயங்குவார். அந்தத் தயக்கம் வேண்டும்.

படி 2: தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்

போய்ச் சேர்ந்த அன்றே அந்த வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். அடிபம்பா, கிணறா, ஏரியா, மழைநீரா என்பதைப் பொறுத்தே அடுத்த வேலைகள் அமையும். கொதிக்கவைத்தால் கிருமிகள் சாகுமே தவிர, தான்சானியாவின் அருஷா வட்டாரத்தில் உள்ளதைப் போல, தண்ணீரில் கரைந்திருந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு உப்பு நீங்காது. அத்தகைய இடங்களில் குடிக்க வேறு தண்ணீரைத்தான் தேட வேண்டும்.

படி 3: குடிதண்ணீரைத் தனியே காப்பாற்றுங்கள்

குடிதண்ணீருக்கு வாய் குறுகிய, மூடியுள்ள பாத்திரத்தை ஒதுக்குங்கள். அதற்குள் கையோ செம்போ போகக்கூடாது. சாய்த்து ஊற்ற வேண்டும், அல்லது நீண்ட காம்புள்ள அகப்பையால் மொள்ள வேண்டும்.

கலங்கிய தண்ணீரை ஓர் இரவு தெளியவைத்து, நாலாக மடித்த பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். நம் பாட்டிமார் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துக் கலங்கலைப் படியவைத்தார்கள். அந்த நாடுகளில் கிடைக்கும் முருங்கை விதைப் பொடிக்கும் அந்தக் குணம் உண்டு. ஆனால் தெளிந்த தண்ணீர் தூய தண்ணீர் ஆகிவிடாது. அதைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலையூர்களில் 3 நிமிடம் தேவை. விறகு அரிதான இடத்தில், கொதிக்கவைப்பதற்குப் பதிலாக, கீறல் இல்லாத, நிறமற்ற பெட் பாட்டில்களில் தெளிந்த நீரை நிரப்பி, நல்ல வெயிலில் 6 மணி நேரம் படுக்கவையுங்கள். வானம் மூடியிருந்தால் தொடர்ந்து இரண்டு நாள் வைக்க வேண்டும்.

படி 4: கை கழுவக் காலால் இயங்கும் கேன் செய்யுங்கள்

டிப்பி டேப் எனப்படும் இதை ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம். கைப்பிடியுள்ள 5 லிட்டர் கேனை எடுத்து, மூடிக்குச் சற்றுக் கீழே, பழுக்கக் காய்ச்சிய ஆணியால் ஒரு சிறு துளை இடுங்கள். கவைக்கொம்புகள் இரண்டை நட்டு, கேனின் கைப்பிடிக்குள் ஒரு கம்பைச் செலுத்திக் குறுக்கே வையுங்கள். கேனின் கழுத்தில் கட்டிய கயிற்றின் மறுமுனையைத் தரையில் கிடக்கும் குச்சியில் முடிந்துவிட்டால், குச்சியை மிதிக்கும்போது கேன் சாய்ந்து, நூல்போல் மெல்லிய நீர் விழும். காலை எடுத்ததும் தானே நின்றுவிடும். சோப்பில் துளையிட்டுப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். அழுக்குக் கை கேனைத் தொடுவதேயில்லை என்பதுதான் இதன் பெரிய நன்மை. துளைக்குக் கீழே சரளைக்கல் பரப்பாவிட்டால் சேறு கட்டிவிடும்.

படி 5: ஏரியில் இறங்காதீர்கள்

பாபநாசத்திலும் குறுக்குத்துறையிலும் முங்கிக் குளித்தவர்களுக்கு இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். விக்டோரியா ஏரி, மலாவி ஏரி ஆகியவற்றின் கரையோர நீரில், நத்தைகளிலிருந்து வெளிவரும் ஷிஸ்டோசோமியாசிஸ் நோய்ப் புழுக்கள் தோலைத் துளைத்து உடலுக்குள் சென்றுவிடும். தண்ணீர் பளிங்குபோல் இருந்தாலும் இந்த ஆபத்து உண்டு. ஏரி நீரில்தான் குளிக்க வேண்டும் என்றால், இரண்டு நாள் சேமித்து வைத்த பிறகோ, கொதிக்கவைத்து ஆற்றிய பிறகோ பயன்படுத்துங்கள். உட்கார்ந்து, மேலுக்கு மட்டும் செம்பால் ஊற்றிக் குளித்தால் அரை வாளி போதும். தலைக்குக் குளிப்பதை வாரம் இருமுறையாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: கடைசித் தண்ணீரையும் பயன்படுத்துங்கள்

பாத்திரத்தைச் சாம்பலால் துலக்கி, இரண்டு சட்டி நீரில் அடுத்தடுத்து அலசுங்கள். துணி அலசிய நீர் கழிப்பறைக்கு ஆகும். குழிக் கழிப்பறையாக இருந்தால் குழிக்குள் வாளியைக் கவிழ்க்காமல், கால்கழுவ ஒரு செம்பு நீரை மட்டும் கொண்டுபோங்கள்.

படி 7: வயிற்றுப்போக்குக்கு ஆயத்தமாக இருங்கள்

உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை ஊரிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். அவை தீர்ந்துவிட்டால், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, அடிக்கடி சிறிது சிறிதாகக் குடியுங்கள். மலத்தில் இரத்தம் கண்டாலோ, காய்ச்சல் ஏறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.