டிவி யூனிட்டுக்குள் சென்டர் ஸ்பீக்கர்: பிளைவுட் அறுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஹோம் தியேட்டர் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். முதலில் டிவி யூனிட், பிறகு டிவி, கடைசியில் ஸ்பீக்கர். ஸ்பீக்கர் வந்து இறங்கும்போது ஆசாரி கணக்கு முடித்துப் போயிருப்பார். ஒரு மாதம் கழித்துப் புகார் வரும்: “பாட்டெல்லாம் அருமை, பேசுறதுதான் புரியல. வசனத்துக்காகச் சத்தத்தைக் கூட்டினா சண்டைக் காட்சியில வீடே அதிருது.”

ஐந்து ஸ்பீக்கரும் அடித்தொனிக்கென ஒரு சப்வூஃபரும் உள்ள 5.1 ஒலியில் வசனத்தின் பெரும்பகுதி, டிவிக்குக் கீழே நடுவில் வைக்கும் சென்டர் ஸ்பீக்கர் வழியாகத்தான் வருகிறது. அப்படியிருந்தும் கூடத்திலேயே மோசமான இடம் அதற்குத்தான் கிடைக்கிறது. சிவப்பு, கறுப்பு ஒயரை மாற்றிச் செருகுவது போன்ற பிழைகளை இங்கே விட்டுவிடலாம். கண்டுபிடித்தால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். மரத்தை அறுத்து மைக்கா ஒட்டிய பிறகு எளிதில் திருத்த முடியாத தவறுகள்தான் பெரும்பாலும் இங்கே வருபவை.

பெட்டியின் அளவுக்கே அறை அடிப்பது

இதைப் பார்க்கும்போதெல்லாம் ஆற்றாமையாக இருக்கிறது. ஸ்பீக்கரின் விவரத்தாளில் 45 x 17 x 30 செ.மீ. என்று போட்டிருக்கும். அதை அப்படியே ஆசாரியிடம் காட்டுவார்கள். அவரும் வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று உயரம் 18 செ.மீ., அகலம் 46 செ.மீ. வைத்து அறை அடித்துக் கொடுப்பார். பெட்டி வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு செ.மீ. இடைவெளியில் ஸ்பீக்கரை அசைக்கக்கூட முடியாது.

அசைக்க ஏன் இடம் வேண்டும்? சோபாவில் உட்கார்ந்தவரின் காது தரையிலிருந்து சுமார் 95 முதல் 100 செ.மீ. உயரத்தில் இருக்கும். யூனிட்டுக்குள் வைத்த ஸ்பீக்கரின் ட்வீட்டர், அதாவது உச்சத்தொனி தரும் சிறிய பகுதி, 45 முதல் 50 செ.மீ. உயரத்தில் இருக்கும். சோபா 2.7 மீட்டர் தள்ளியிருந்தால் ஸ்பீக்கர் ஏறக்குறைய 10 டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். நேராக வைத்தால் ஒலி முழங்காலைக் குறிவைத்துப் போகும். வார்த்தைகளைப் பிரித்துக் காட்டும் ச், ஸ், ப், ட் போன்ற மெய்யெழுத்துகளின் கூர்மை முதலில் மங்கும். குரல் கேட்கும், சொல் பிடிபடாது.

30 செ.மீ. ஆழமுள்ள பெட்டியை 10 டிகிரி சாய்க்க முன்பக்கத்தைச் சுமார் 5 செ.மீ. தூக்க வேண்டும். அப்படிச் சாய்த்தால் 17 செ.மீ. பெட்டி அடைக்கும் உயரம் 22 செ.மீ. ஆகிவிடும். ரப்பர் பட்டைக்கு 1 செ.மீ., கை நுழைய 2 செ.மீ. சேர்த்தால் 25 செ.மீ., அதாவது ஆசாரி கணக்கில் 10 இன்ச். இது உள் அளவு. 18 மி.மீ. பிளைவுட்டின் தடிமனை இதில் சேர்த்துவிடக் கூடாது. மைக்காவுக்கும் மேல், கீழ் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மி.மீ. கழியும்.

ஆழத்திலும் இதே கதைதான். சாய்த்த பெட்டிக்கு 32 முதல் 33 செ.மீ., பின்னால் ஒயர் முனையில் மாட்டும் பனானா பிளக்கும் ஒயரும் மடங்காமல் திரும்ப 5 செ.மீ. ஆக 38 செ.மீ. வேண்டும். 16 இன்ச் ஆழ யூனிட் என்றால் பொருந்தும். 12 இன்ச் யூனிட்டில் இந்தப் பெட்டி நுழையவே நுழையாது. ஆழம் குறைந்த மாடலைத்தான் தேட வேண்டும்.

ஒரு வீட்டில் 18 செ.மீ. அறைக்குள் ஸ்பீக்கரைத் தள்ளிவிட்டார்கள். குரல் குடத்துக்குள் வாயை வைத்துப் பேசினாற்போல வந்தது. பெட்டியைச் சுற்றியிருந்த ஒல்லியான இடைவெளியும் பின்னால் அடைபட்டிருந்த காற்றும் சேர்ந்து ஆண் குரலின் கீழ்ப்பகுதியை ஊதிப் பெரிதாக்கிக்கொண்டிருந்தன. ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரில் என்னென்னவோ திருகிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. கடைசியில் அறையின் மேல்தட்டைப் பெயர்த்தபோது ஓரத்து மைக்கா தெறித்து, அதே நிறம் கடையில் கிடைக்காமல், முழு முகப்பையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஏழு செ.மீ. இடம் விட்டிருந்தால் ஒரு ரூபாய் கூடச் செலவாகியிருக்காது.

ஸ்பீக்கர் இன்னும் வாங்கவில்லை, ஆசாரி நாளைக்கு வருகிறார் என்றால் உள் அளவாக உயரம் 28, அகலம் 65, ஆழம் 40 செ.மீ. சொல்லிவிடுங்கள். மேல்தட்டை ஆணி அடித்து ஒட்டாமல், பக்கவாட்டில் துளையிட்டு ஆப்பு மேல் உட்காரும் நகர்த்தும் தட்டாக வைக்கச் சொல்லுங்கள். பின்பலகையில் 10 செ.மீ. விட்டத்துக்கு ஒரு ஓட்டையும் வேண்டும். ஒயர் போகவும் உதவும், காற்றும் அடைபடாது. மிச்ச இடம் அசிங்கமாகத் தெரிகிறது என்பவர்கள் மெல்லிய சட்டத்தில் ஸ்பீக்கர் துணி இழுத்து முகப்பை மூடிக்கொள்ளலாம்.

உள்ளே தள்ளி வைப்பது

பெட்டியின் முகம் தட்டின் விளிம்போடு சமமாக இருக்க வேண்டும், அல்லது ஒரு செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம். 10, 15 செ.மீ. உள்ளே போய்விட்டால் முன்னால் தெரியும் தட்டிலும் பக்கப் பலகைகளிலும் ஒலி பட்டுத் தெறித்து, நேராக வரும் ஒலியோடு மோதும். சில அதிர்வெண்கள் கூடும், சில காணாமல் போகும். யூனிட்டின் ஆழம் மாற்ற முடியாததாக இருந்தால், பெட்டியை முன்னுக்கு இழுத்துவிட்டுப் பின்னால் கிடைக்கும் இடத்தைக் காலியாக விடுங்கள்.

மாற்றவே முடியாத பழைய அறை என்றால் பெட்டியைச் சுற்றியுள்ள இடைவெளியில் 2.5 செ.மீ. தடிமன் ஃபோமை லேசாக நிரப்புங்கள். குடத்துக்குள் பேசுவது போன்ற சத்தம் குறையும். பெட்டிக்கு அடியில் நான்கு மூலையிலும் ரப்பர் பட்டை இருந்தால் தட்டும் அதன் மேலிருக்கும் கண்ணாடிப் பொருட்களும் சேர்ந்து கிடுகிடுப்பது நிற்கும்.

பின்னால் துளை உள்ள ஸ்பீக்கர்

சில ஸ்பீக்கர் பெட்டிகளில் காற்று போய்வர ஒரு துளை இருக்கும். முடிந்தவரை முன்பக்கத் துளை உள்ளதையோ, துளையே இல்லாததையோ வாங்குங்கள். பின்துளை மாடல் ஏற்கெனவே வாங்கியாயிற்று, பின்னால் 10 செ.மீ. இடமும் இல்லை என்றால், துளைக்குள் ஃபோம் உருளையைச் செருகிவிடலாம். அடித்தொனி கொஞ்சம் குறையும். சப்வூஃபர் இருந்து, அடித்தொனி அதற்கு மாறும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ் அல்லது 100 ஹெர்ட்ஸில் வைத்திருந்தால் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

நடுச் சோபாவில் மட்டும் உட்கார்ந்து கேட்டுப் பார்ப்பது

வழக்கமான சென்டர் ஸ்பீக்கரில் இரண்டு பக்கமும் கீழ்த்தொனி தரும் வூஃபர், நடுவில் ட்வீட்டர் இருக்கும். நேர் எதிரே உட்கார்ந்தவருக்கு இரண்டு வூஃபரின் ஒலியும் ஒரே நேரத்தில் வந்து சேரும். ஓரத்தில் இருப்பவருக்கு ஒன்று முந்தும், இன்னொன்று பிந்தும். வூஃபர்களின் மையங்களுக்கு இடையே 33 செ.மீ. இருந்து, அவை இரண்டும் ட்வீட்டர் தொடங்கும் அதிர்வெண்வரை ஒரே ஒலியைத் தருபவையாகவும் இருந்தால், 17 டிகிரி ஓரத்தில் சுமார் 1,800 ஹெர்ட்ஸிலும், 30 டிகிரியில் சுமார் 1,000 ஹெர்ட்ஸிலும் ஒன்றையொன்று அழிக்கும். இரண்டுமே பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டிய பகுதி. 2.7 மீட்டர் தள்ளிப் போட்ட மூன்று பேர் சோபாவின் ஓர இருக்கையே கிட்டத்தட்ட 17 டிகிரி. எல் வடிவச் சோபாவின் பக்கவாட்டில் உட்காரும் பெரியவர்கள் “என்னப்பா சொன்னான்?” என்று கேட்டால் காதைக் குறை சொல்லாதீர்கள்.

பரந்து உட்காரும் வீட்டுக்கு, ட்வீட்டருக்குக் கீழே நடுத்தொனிக்கெனச் சிறிய மிட்ரேஞ்ச் வைத்த மூன்று வழி மாடல் நல்லது. கேஇஎஃப் நிறுவனம் செய்வதுபோல் வூஃபரின் நடுவிலேயே ட்வீட்டர் உட்கார்ந்த மாடலும் நன்றாகப் பொருந்தும். அதற்கு உயரமும் அதிகம் தேவைப்படாது.

புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரைப் படுக்கப்போடுவது

சென்டராக ஒரு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரை நிற்க வைக்க உயரம் இல்லை என்றால், படுக்கப்போட வேண்டாம்.

டிவி பிராக்கெட்டை முதலில் அடித்துவிடுவது

அறையே வேண்டாம், யூனிட்டின் மேல்தட்டில் வைக்கலாம் என்பது பல வீடுகளில் சிறந்த வழி. 55 இன்ச் டிவி ஏறக்குறைய 70 செ.மீ. உயரம். அதன் மையம் 105 செ.மீ.யில் இருந்தால் கீழ் விளிம்பு 70 செ.மீ.யில் வரும். யூனிட் 45 செ.மீ. உயரம் என்றால் நடுவே 25 செ.மீ. கிடைக்கும், சாய்த்த பெட்டி தாராளமாக உட்காரும். மேலேயும் பக்கத்திலும் திறந்த வெளி என்பதால் அடைபட்ட சத்தம் வராது. பிராக்கெட் துளை போட்ட பிறகு இந்தக் கணக்கைப் போடுகிறவர்களே அதிகம்.

சுவரில் துளையிடும் முன் அதே உயரத்துக்கு அட்டைப்பெட்டி ஒன்றை வைத்துச் சோபாவிலிருந்து பாருங்கள். திரையின் அடிப்பகுதி மறையக் கூடாது. பல டிவிகளில் ரிமோட் சென்சார் கீழ் விளிம்பின் நடுவில்தான் இருக்கும், அதையும் மறைக்கக் கூடாது.

மரச் சட்டக் கதவு

ரீப்பர், ஜாலி, கண்ணாடி எதுவும் ஸ்பீக்கருக்கு முன்னால் வேண்டாம். துணி மட்டும். துணியை வாயருகே வைத்து ஊதினால் காற்று தடையில்லாமல் மறுபக்கம் வர வேண்டும்.

ரிசீவரை ஸ்பீக்கர் இருக்கும் அறைக்குள்ளேயே அடுக்குவது

கூடாது. ரிசீவர் சூடாகும்.

இடமே இல்லாதபோதும் வாங்குவது

ஒருவரோ இருவரோ நடுவில் உட்கார்ந்து பார்க்கும் சிறிய அறையில், தட்டுக்குள் நசுங்கிய மட்டமான சென்டரைவிட சென்டர் இல்லாமலே இருப்பது மேல். ரிசீவரின் ஸ்பீக்கர் அமைப்பில் சென்டருக்கு ‘இல்லை’ என்று கொடுத்தால் வசனம் இடது, வலது ஸ்பீக்கர்களுக்குச் சமமாகப் பிரிந்து போய், நடுவிலிருந்து வருவதுபோலக் கேட்கும். ஓர இருக்கையில் இருப்பவருக்கு மட்டும் அருகிலுள்ள ஸ்பீக்கர் பக்கம் குரல் சாயும். ஆட்கள் கூடினால் இது சரிவராது.

அளந்த பிறகு நகர்த்துவது

பல டெனான் ரிசீவர்களில் ஆடிசி, யமஹா ரிசீவர்களில் ஒய்பிஏஓ என்று, மைக் வைத்து ஒலியை அளந்து ஸ்பீக்கர் அமைப்பைத் தானே சரிசெய்யும் வசதி இருக்கும். அதை ஸ்பீக்கர் சாய்ந்து, ஃபோம் நிரம்பி, துணி மாட்டி, எல்லாம் முடிந்த பிறகு ஓட்டுங்கள். அதன் பின் பெட்டியை 5 செ.மீ. முன்னுக்கு இழுத்தாலும் மறுபடி ஓட்ட வேண்டும். அளந்து முடிந்ததும் சென்டர் ‘பெரியது’ என்று பதிவாகியிருக்கிறதா பாருங்கள். பதிவாகியிருந்தால் ‘சிறியது’ என்று மாற்றி, கிராஸ்ஓவருக்கு 80 ஹெர்ட்ஸ் கொடுங்கள். வசனம் இன்னும் அமுங்கியே இருந்தால் சென்டரின் அளவை மட்டும் 1 அல்லது 2 டெசிபெல் கூட்டுங்கள். 3 டெசிபெல் கூட்டியும் புரியவில்லை என்றால் ரிசீவரை விட்டுவிட்டு மறுபடி தட்டைப் பாருங்கள்.