பெட்ராவை முழுமையாகப் பார்ப்பது எப்படி?

ஜோர்டான் நாட்டின் தெற்கில், வாதி மூசா என்ற சிற்றூரை ஒட்டிய மணற்கல் மலைகளுக்கு நடுவே இருக்கும் பெட்ராவுக்குச் செல்வோரில் பலர், சிக் எனப்படும் குறுகிய மலையிடுக்கின் வழியாக நடந்து, அதன் முடிவில் எதிர்ப்படும், பாறையில் செதுக்கிய பெரிய முகப்பான கஸ்னாவின் முன் படமெடுத்துக்கொண்டு, மதிய உணவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் பார்ப்பது நகரத்தின் வாசலை மட்டுமே. இரண்டு நாள் ஒதுக்கி, வணிகர்கள் வந்த சாலையையும் தண்ணீர் வந்த வாய்க்காலையும் தேடிக்கொண்டே நடந்தால், மழை அரிதான அந்த மலைப்பகுதியில் ஒரு தலைநகரம் எப்படி நிலைத்தது என்பது கண்முன்னே விளங்கும்.

புறப்படுவதற்கு முன் கொஞ்சம் வரலாறு தெரிந்திருப்பது நல்லது. தென் அரேபியாவில் விளைந்த வாசனைப் பிசின்களான குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும் ஒட்டகங்களின் மேல் வடக்கே வந்து, காசா துறைமுகம் வழியாக ரோமானிய உலகை அடைந்தன. தென் அரேபியத் திம்னாவிலிருந்து காசா வரை ஒட்டகங்கள் 65 இடங்களில் தங்கிச் சென்றதாக ரோமானிய எழுத்தாளர் பிளினி குறிப்பிடுகிறார். அந்தப் பாதையின் வடபகுதியில் வணிகர்களுக்குத் தண்ணீரும் பாதுகாப்பும் தந்து, அதற்கு வரியும் வாங்கிச் செழித்தவர்கள் நபாத்தியர்கள். அவர்களுடைய தலைநகரமே பெட்ரா. முசிறியின் மிளகைப் பற்றி நமக்குச் சொல்லும் பெரிப்ளூஸ் என்ற கிரேக்க நூல், செங்கடல் கரையிலிருந்த லியூகே கோமே துறைமுகத்திலிருந்து பெட்ராவுக்கும், நபாத்தியர்களின் மன்னன் மாலிக்கஸிடமும் ஒரு சாலை சென்றதைப் பதிவு செய்திருக்கிறது. அதுவும் வணிகர்களுக்காக எழுதப்பட்ட ஒரு வழிகாட்டிதான். கி.மு. 9 முதல் கி.பி. 40 வரை ஆண்ட நான்காம் அரேட்டாஸ் காலத்தில் நகரம் உச்சத்தில் இருந்தது. கி.பி. 106-இல் ரோமப் பேரரசர் டிராஜன் அதை ரோமப் பேரரசுடன் இணைத்தார். 363-இல் நேர்ந்த நிலநடுக்கம் அதைப் பெரிதும் சிதைத்தது.

இந்தியாவிலிருந்து செல்வோர் பெரும்பாலும் வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறி அம்மானில் இறங்குவார்கள். அங்கிருந்து வாதி மூசாவுக்குப் பாலைவன நெடுஞ்சாலையில் காரில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். ஜெட் நிறுவனத்தின் பேருந்தும் காலையில் புறப்படுகிறது. ஆனால் போகும்போது ‘அரசர் நெடுஞ்சாலை’ எனப்படும் பழைய மலைச்சாலையில் செல்வதே சிறப்பு என்பேன். இந்த வழிக்கு ஒரு பகல் முழுவதும் ஆகும் என்றாலும், மதபா தேவாலயத்தின் தரையில் பதிக்கப்பட்ட ஆறாம் நூற்றாண்டு மொசைக் வரைபடம், முஜிப் பள்ளத்தாக்கு, கெராக், ஷோபக் கோட்டைகள் ஆகியவை வழியிலேயே அமைகின்றன. 111 முதல் 114 வரை டிராஜன் போட்ட சாலையும் ஏறக்குறைய இதே தடத்தில்தான் சென்றது. திரும்பும்போது வேகமான சாலையைப் பிடித்துக்கொள்ளலாம்.

நுழைவுச்சீட்டு விலை அதிகம்: ஜோர்டானில் இரவு தங்குவோருக்கு ஒரு நாளுக்கு 50 தினார், இரண்டு நாளுக்கு 55, மூன்று நாளுக்கு 60. இரண்டாம் நாளுக்குக் கூடுதலாக ஐந்து தினார்தான் என்பதால், ஒரே நாளில் முடித்துக்கொள்வது வீண் சிக்கனம். நாட்டுக்குள் நுழையும் முன்பே இணையத்தில் ‘ஜோர்டான் பாஸ்’ வாங்கி, குறைந்தது மூன்று இரவுகள் தங்கினால், 40 தினார் விசாக் கட்டணமும் தள்ளுபடியாகும். பெட்ராவில் இரண்டு நாள் சேர்ந்த பாஸின் விலை 75 தினார். இந்தத் தொகைகள் மாறக்கூடியவை என்பதால், பணம் கட்டும் முன் அதிகாரப்பூர்வத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மார்ச் முதல் மே வரையும், அக்டோபர், நவம்பர் மாதங்களும் நடப்பதற்கு ஏற்றவை.

முதல் நாள் வாயில் திறக்கும் காலை 6 மணிக்கே உள்ளே சென்றுவிடுங்கள். சிக்கின் வாசலுக்கு வந்ததும் உடனே நுழைந்துவிடாமல், வலப்புறம் பாறையைக் குடைந்து வெட்டியிருக்கும் சுரங்கத்தைப் பாருங்கள். மழைக்காலத்தில் திடீரெனப் பாயும் காட்டுவெள்ளம் நகரத்துக்குள் புகாதபடி, இந்த வாசலில் அணை கட்டி, வெள்ளத்தை 88 மீட்டர் நீளமுள்ள இந்தச் சுரங்கத்தின் வழியே வேறு பள்ளத்தாக்குக்குத் திருப்பிவிட்டார்கள் நபாத்தியர்கள். அந்த அணை சிதைந்துபோயிருந்த 1963-இல் சிக்குக்குள் புகுந்த வெள்ளம் இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகளை அடித்துச் சென்றது. அதன் பிறகே அணை மீண்டும் கட்டப்பட்டது. மழை எச்சரிக்கை இருக்கும் நாளில் காவலர்கள் வெளியேறச் சொன்னால் வாதாடாமல் வெளியேறிவிட வேண்டும் என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

சிக்கின் நீளம் சுமார் 1.2 கிலோமீட்டர். பலர் அண்ணாந்து பாறையைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள்; நீங்கள் இடுப்பளவு உயரத்தில் இருபுறச் சுவர்களையும் பாருங்கள். இடப்புறம் பாறையில் வெட்டிய வாய்க்கால் ஓடுகிறது. வலப்புறம் சுட்ட மண்குழாய்களைப் பதித்துக் குடிநீர் கொண்டுவந்திருக்கிறார்கள். குழாயின் துண்டுகள் சுண்ணச் சாந்துடன் இன்றும் சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பாதி வழிக்கு மேல் இடப்புறச் சுவரில், ஆளைவிடப் பெரியதாகச் செதுக்கிய ஒட்டக வரிசை ஒன்று உண்டு. மேற்பகுதி காற்றிலும் நீரிலும் கரைந்துவிட்டதால், ஒட்டகங்களின் கால்களும் வயிற்றின் வளைவும், ஓட்டிவந்தவனின் பாதங்களும் ஆடையின் விளிம்பும் மட்டுமே எஞ்சியுள்ளன. வாய்க்கால் அந்த ஒட்டகங்களுக்குப் பின்னாலேயே மறைந்து சென்று அப்பால் வெளிப்படுகிறது. நகரத்துக்கு வந்த சரக்கையும் தண்ணீரையும் ஒரே சுவரில் காட்டும் இந்தச் சிற்பத்தைக் கஸ்னாவைக் காணும் அவசரத்தில் தவறவிட்டுவிடாதீர்கள்.

கஸ்னாவில் காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் படும்போது நிறம் நன்றாக இருக்கும். கூட்டமும் அப்போதுதான் சேரும். சுமார் 40 மீட்டர் உயரமுள்ள முகப்பின் உச்சியிலுள்ள கலயத்தில் புதையல் இருப்பதாக நம்பிச் சுட்டவர்களின் குண்டுத் தடங்களைக் கீழிருந்தே காணலாம். கலயம் முழுவதும் திண்ணிய கல். முன்னே நிற்கும் சிறுவர்கள் மேலேயுள்ள காட்சிமுனைக்கு அழைத்துப்போவதாகச் சொல்வார்கள். அந்தச் செங்குத்துப் பாறையில் ஏறுவது ஆபத்து. அரச கல்லறைகளின் பக்கமிருந்து ஏறும் அல் குப்தா படிக்கட்டுப் பாதையில் சென்றால் அதே காட்சி பாதுகாப்பாகக் கிடைக்கும்.

பிறகு பாறையில் குடைந்த அரங்கு, தூண் வரிசையுள்ள கடைத்தெரு, கஸ்ர் அல் பின்த் கோயில் என்று நகரின் நடுப்பகுதி வருகிறது. அதற்கு மேற்கே உள்ள ஹபீஸ் குன்றின் அடியில் முற்றுப்பெறாத கல்லறை ஒன்று இருக்கிறது. தூண்களின் தலைப்பகுதி செதுக்கப்பட்டும், கீழே வெறும் பாறை அப்படியே நிற்கவும் அது விடப்பட்டிருப்பதால், சிற்பிகள் மேலிருந்து கீழ்நோக்கி வேலை செய்தார்கள் என்பது தானாக விளங்குகிறது. தெய்ர் எனப்படும் மடாலயத்துக்கு இங்கிருந்து 800-க்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். பிற்பகலில் ஏறுவது நல்லது. அப்போதுதான் அதன் முகப்பில் வெயில் விழும். மூட்டுவலி இல்லாதவர்கள் கழுதைச் சவாரியைத் தவிர்க்கலாம். வழுக்கும் படிகளில் அது கழுதைக்கும் நல்லதில்லை, அமர்ந்திருப்பவருக்கும் நல்லதில்லை.

இரண்டாம் நாள் அரங்குக்குச் சற்று முன்பே இடப்புறம் பிரியும் படிகளில் ஏறிப் பலிமேட்டை அடைந்து, மறுபுறம் வாதி ஃபராசா வழியாக இறங்குங்கள். கூட்டம் குறைந்த இந்த இறக்கத்தில் பாறையில் செதுக்கிய பெரிய சிங்கம் ஒன்று உண்டு. மேலிருந்து வந்த வாய்க்கால் நீர் அதன் வாய் வழியாகக் கொட்டியது. மடாலயத்தின் 800 படிகளை ஏற விரும்பாதவர்கள், வாயிலில் நுழைவுச்சீட்டைப் பெற்றுக்கொண்டு சிறிய பெட்ராவுக்கு வண்டியில் சென்று, அங்கிருந்து பின்வழியாக மடாலயத்துக்கு நடக்கலாம்.

சாலையின் அடுத்த கட்டத்தையும் பார்க்கும் வசதியுள்ளவர்களுக்கு, தெற்கே சவுதி அரேபியாவின் அல் உலா அருகிலுள்ள, நபாத்தியர்களின் மற்றொரு நகரமான ஹெக்ரா இருக்கிறது. 2019 முதல் அந்நாடு சுற்றுலா விசா வழங்குகிறது. பெட்ராவின் கல்லறைகளில் பெரும்பாலானவை யாருடையவை என்றே தெரியாது. ஹெக்ராவிலோ பல கல்லறைகளின் வாசலுக்கு மேல் உரிமையாளரின் பெயரும், மன்னனின் ஆட்சியாண்டும், சில இடங்களில் செதுக்கிய கல்தச்சரின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆகவே பெட்ராவை முதலிலும் ஹெக்ராவைப் பிறகும் பார்க்கும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.