பிஷப்புக்குக் குடிவருகிறீர்களா? முதலில் தண்ணீர்க் கதை

கலிஃபோர்னியாவில் வேலை என்றதும் வீட்டில் எல்லோரும் கடற்கரையைத்தான் நினைத்திருப்பார்கள். பிஷப் ஊர் இருக்கும் இன்யோ கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) கடலும் இல்லை, கூட்டமும் இல்லை. மேற்கே சியரா நெவாடா, கிழக்கே ஒயிட், இன்யோ மலைத்தொடர்கள், நடுவில் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு. சுமார் 10,000 சதுர மைலில் மொத்தமே 19,000 பேர்தான். அதில் நகரம் என்ற அந்தஸ்து பிஷப்புக்கு மட்டும்.

இவ்வளவு வெட்டவெளி கிடக்கிறதே, வாடகைக்கு ஒரு வீடு இல்லையா என்று நானும் வந்த புதிதில் புலம்பினேன். கவுண்டி நிலத்தில் தனியார் கையில் இருப்பது 2 சதவீதம்கூடக் கிடையாது. பெரும்பகுதி மத்திய அரசுடையது. பள்ளத்தாக்கின் சமவெளியிலோ பெரும்பாலான நிலம் 200 மைலுக்கு அப்பால் இருக்கும் லாஸ் ஏஞ்சலஸ் நகரத் தண்ணீர்த் துறைக்குச் சொந்தம். அதனால் வேலை உறுதியான அன்றே வீடு தேட ஆரம்பித்துவிடுங்கள்.

காவிரிச் சண்டை கேட்டு வளர்ந்த நமக்கு மீதிக் கதை சட்டென்று புரியும். லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள் இங்கிருந்த விவசாயிகளிடம் நிலத்தைத் தண்ணீர் உரிமையோடு வாங்கிப்போட்டு, 233 மைல் கால்வாய் வெட்டி, 1913-ல் ஓவன்ஸ் ஆற்றைத் தெற்கே திருப்பினார்கள். 1924-ல் ஊர்க்காரர்கள் அந்தக் கால்வாயின் அலபாமா மதகைக் கைப்பற்றிச் சில நாள் தண்ணீரைப் பள்ளத்தாக்கிலேயே திறந்துவிட்டார்கள். கால்வாய்க்கு வெடியும் வைத்தார்கள். ஆறு திரும்பவில்லை, ஓவன்ஸ் ஏரிதான் வற்றியது. கடை வரிசையில் யாராவது 'டிடபிள்யூபி' (அந்த லாஸ் ஏஞ்சலஸ் தண்ணீர்த் துறைதான்) என்று ஆரம்பித்தால் காது கொடுங்கள், கருத்து சொல்லாதீர்கள். பின்னால் நிற்பவர் அங்கேயே வேலை பார்ப்பவராக இருக்கலாம்.

விவசாயிகளுக்கு வெகுகாலம் முன்பே இங்கே வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்தவர்கள் பூர்வகுடிகளான பையூட் மக்கள். அவர்கள் மொழியில் இந்த இடம் பயஹூநாடு, தண்ணீர் ஓடும் இடம். (நம் 'நாடு' இல்லை, ஒலி ஒற்றுமைதான்.) 1863-ல் ராணுவம் அவர்களில் நூற்றுக்கணக்கானோரைத் தெற்கே ஃபோர்ட் டெஹோன் என்ற ராணுவ முகாமுக்கு நடத்தியே விரட்டியது; பலர் திரும்பி வந்தார்கள். பிஷப், பிக் பைன், ஃபோர்ட் இண்டிபெண்டன்ஸ், லோன் பைன் என நான்கு இடங்களில் அவர்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. உங்கள் பிள்ளையின் வகுப்பிலும் இருப்பார்கள். அமெரிக்கப் பூர்வகுடிகளையும் இங்கே 'இந்தியன்' என்பார்கள். அதனால் "நான் இந்தியன்" என்று மொட்டையாகச் சொன்னால் "எந்தக் குடி?" என்று கேட்பார்கள். "இந்தியாவிலிருந்து வந்தேன்" என்று சொல்லிப் பழகுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்சனாருக்குப் போய்வாருங்கள். 1942 முதல் 1945 வரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களை முள்வேலிக்குள் அடைத்துவைத்த முகாம் அது. அடைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள்.

அப்புறம், சமையல். பிஷப் 4,000 அடி உயரத்தில் இருக்கிறது. உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு அரைமணி கொதித்தாலும் விதையாகவே கிடக்கும். குக்கரை ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள், கூடுதலாக ஒரு கேஸ்கட்டும் சேர்த்து.

மேற்கே மலையைத் தாண்டும் டியோகா கணவாய் வழக்கமாக நவம்பர் வாக்கில் மூடினால், மே கடைசியோ ஜூனோ ஆகும் திறக்க. சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் இருக்கும் சித்தப்பா பொங்கலுக்குக் கூப்பிட்டால், வடக்கே ரீனோ பக்கமோ தெற்கே டெஹாச்சபி பக்கமோ சுற்றித்தான் போக வேண்டும். டயர்ச் சங்கிலியை டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள்.