கண்ணுக்குத் தெரியாத துளை: லோ ப்ரொஃபைல் காஸ் பிளொக் பூட்டுவது எப்படி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது வெள்ளவத்தையில். இங்கே 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் துப்பாக்கியைத் தொடவே முடியாது, தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ஏஆர்-15 துப்பாக்கியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நான் சொல்லப்போகிற ஏஆர்-15 டெக்சாஸில் இருக்கிற என் தங்கையின் கணவருடையது. எனக்குத் தெரிந்தது லேத் வேலை. பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு பட்டறையில் கனகாலம் நின்றவன். அவர் வாட்ஸ்அப்பில் கமராவைப் பிடிக்க, நான் இங்கிருந்து "மச்சான், அளந்து சொல்லுங்கோ" என்று கத்த, அப்படித்தான் இந்தக் காஸ் பிளொக்கை, அதாவது குழலின் வாயுவைத் திருப்பிவிடுகிற துண்டை, பூட்டினோம். முதல் தடவை பிழையாய்ப் போனது. உங்கள் நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தால் மட்டும் மேலே வாசியுங்கள்.

வேலை என்னவென்று விளங்கினால்தான் கை சரியாகப் போகும். குழலின் மேற்பக்கம் ஒரு சின்னத் துளை. குண்டு அதைத் தாண்டியதும் பின்னால் வருகிற வாயுவில் கொஞ்சம் அந்தத் துளையால் ஏறி, காஸ் பிளொக்குக்குள் திரும்பி, டியூப் என்ற மெல்லிய குழாய் வழியாகப் பின்னால் ஓடி போல்ட் கெரியரைத் தள்ளுகிறது; தோட்டாவின் பின்னால் அடைத்து நிற்கும் போல்டைத் தாங்குகிற துண்டு அது. 1950களில் யூஜின் ஸ்டோனர் ஆர்மலைட்டில் வடிவமைத்த ஏற்பாடு இது. பழைய மொடல்களில் குறிபார்க்கிற முன் குறிகாட்டியும் காஸ் பிளொக்கும் கோபுரம் போல ஒரே துண்டு. குழலைச் சுற்றிக் கை பிடிக்கிற உறையான ஹேண்ட்கார்டை நீளமாகப் போட வேண்டுமென்றால் அந்தக் கோபுரம் இடிக்கும், அதற்குத்தான் லோ ப்ரொஃபைல் என்கிற இந்தக் குள்ளப் பிளொக்.

வாங்கும்போது

குழலின் விட்டத்தை அளக்காமல் எதையும் வாங்க வேண்டாம். அளக்க வேண்டியது பிளொக் உட்காருகிற இடத்தை, குழலின் நுனியை அல்ல. அதிகம் வருவது 0.750 அங்குலம், அதாவது 19.05 மில்லிமீற்றர். மெல்லிய குழல் 0.625, தடித்தது 0.936. இருபது ரூபாய்த் தாள் தடிப்பு வித்தியாசம்கூட இங்கே பெரிய வித்தியாசம், நுண்ணளவு எடுக்கிற வேர்னியர் இல்லாமல் இறங்காதீர்கள்.

அலுமினியம் இலேசாக இருக்கும், விலையும் குறையும். நான் வேண்டாம் என்பேன். சூட்டில் அலுமினியம் உருக்கைவிடக் கூடுதலாக விரியும். உருக்குக் குழலில் உருக்குப் பிளொக்தான் சரி. வாயுவைக் கூட்டிக் குறைக்கிற வகையும் உண்டு; சைலன்சர் பூட்டாத புதியவருக்கு அது தேவையில்லாத தலையிடி.

பிடிக்கிற விதம் மூன்று: அடியில் செட் ஸ்குரூ (தலையில்லாத திருகாணி) இரண்டு, கிளாம்ப், குறுக்கே பின் அடிப்பது. பின் தான் அசையாது, ஆனால் துளை போட வேண்டும். செட் ஸ்குரூ எடுத்தால், அதன் முனை போய் உட்கார அடியில் சின்னக் குழி உள்ள குழலாகப் பாருங்கள். குழி இல்லையென்றால் துப்பாக்கி திருத்துகிறவரிடம் கொடுங்கள். மெல்லிய குழலில் உங்கள் துரப்பணம் ஒரு சுற்று அதிகம் சுற்றினால் குழலே போய்விடும்.

கழற்றுவது

மகசீனை எடுங்கள். போல்டை இழுத்து உள்ளே பாருங்கள், பிறகு விரலையும் விட்டுப் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில். பிளொக் குழலின் வாய்ப் பக்கமாகத்தான் ஏறும், ஆகவே முனையில் இருப்பதைக் கழற்ற வேண்டும். அது வெல்ட் பண்ணியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பழைய கோபுரத்தின் பின்கள் ஒரு பக்கம் மெலிந்தவை, மெலிந்த பக்கத்திலிருந்துதான் தட்ட வேண்டும்.

டியூபும் பிளொக்கும்

டியூபை முதலில் பிளொக்கில் செருகுங்கள். டியூபின் பக்கத்துளை குழலைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பிறகு ரோல் பின், அதாவது தகட்டைச் சுருட்டிச் செய்த சின்னப் பின். தடிப்பு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர், ரோல் பின்னுக்கென்றே உள்ள பன்சால் தட்டுங்கள். மச்சானின் முதல் பின் பறந்து போய், அவர் கார் கராஜின் தரையில் முழங்காலில் நின்று தேடியதை நான் வெள்ளவத்தையில் தேத்தண்ணி குடித்தபடி பார்த்தேன். இரண்டு மூன்று பின் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

இனித்தான் நாங்கள் பிழைவிட்ட இடம். குழலின் தடிப்பு மாறுகிற இடத்தில் ஒரு படி உண்டு. பிளொக்கை அந்தப் படிவரை தள்ளி இறுக்கினோம், பார்க்க வடிவாக இருந்தது. சுட்டால் ஒவ்வொரு தடவையும் போல்டைக் கையால் இழுக்க வேண்டியிருந்தது. காரணம், பழைய ஹேண்ட்கார்டைத் தாங்குகிற மூடித்தகடு ஒன்று முன்பு அந்தப் படிக்கும் பிளொக்குக்கும் நடுவே இருந்தது. பல குழல்களில் துளையின் இடம் அந்தத் தகட்டையும் கணக்கில் எடுத்தே போடப்பட்டிருக்கிறது. தகடு போனால் 0.030 அங்குல இடைவெளி விட வேண்டும். அது 0.76 மில்லிமீற்றர். உங்கள் வங்கி அட்டையின் தடிப்பும் அதேதான்.

ஆனாலும் அட்டையை மட்டும் நம்பாதீர்கள், எல்லாக் குழலும் ஒரே மாதிரி இல்லை. படியிலிருந்து குழல் துளையின் நடுவரை அளந்துகொள்ளுங்கள். பிளொக்கின் பின் விளிம்பிலிருந்து அதன் துளையின் நடுவரை அளந்துகொள்ளுங்கள். முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதே இடைவெளி. பூட்டிய பின் துளை தெரியாது என்பதால், அதன் நடுவிலிருந்து முன்னோக்கிக் குழலில் மார்க்கரால் ஒரு கோடும், பிளொக்கின் உச்சியில் இன்னொரு கோடும் போடுங்கள். இரண்டும் ஒரே நேரில் நின்றால் பிளொக் சரிந்திருக்காது.

ஸ்குரூக்களின் எண்ணெயை அசிட்டோனால் துடையுங்கள். ஸ்குரூ தளராமல் ஒட்டுகிற நீலநிற லொக்டைட் பசை 150 பாகை செல்சியஸுக்கு மேல் பிடியை இழந்துவிடும். காஸ் பிளொக் அதையும் தாண்டும். செராமிக் வகையான ரொக்செட் போட்டு, குழிக்கு நேரான ஸ்குரூவை முதலில் இறுக்கி, கோட்டை மறுபடி பார்த்து, மற்றதை இறுக்கி, ஓர் இரவு காய விடுங்கள்.

பார்த்துக்கொள்வது

போல்டைக் கழற்றிய வெறும் கெரியரை உள்ளே வைத்து முன்னே தள்ளுங்கள். டியூபின் வாயில் தடக்கினால் டியூப் கோணலாக நிற்கிறது. பலவந்தம் வேண்டாம், பிளொக்கைத் திரும்பப் பாருங்கள்.

சுடும் இடத்தில், கண்ணாடியும் காதுமூடியும் போட்டு, மகசீனில் ஒரே ஒரு தோட்டா. சுட்டதும் போல்ட் பின்னால் பூட்டி நிற்க வேண்டும். நின்றால் வாயு போதும். நிற்காவிட்டால் முதல் சந்தேகம் இடைவெளிமீதுதான். பிளொக்கின் ஓரத்தில் கொஞ்சம் கரி படிந்தால் பயப்பட வேண்டாம், அந்தக் கரியே போகப்போக இடுக்கை அடைத்துவிடும்.

இரண்டாம் தடவை ஐந்து முறை இப்படிப் பார்த்தோம், ஐந்து முறையும் நின்றது. மச்சானின் வங்கி அட்டையில்தான் இன்னும் ரொக்செட் ஒட்டியிருக்கிறதாம்.