குப்ரிக் படங்களை எந்த வரிசையில், எப்படிப் பார்ப்பது?

ஸ்டான்லி குப்ரிக் எடுத்த முழுநீளப் படங்கள் மொத்தமே 13. கொள்ளைக் கதை, போர், அரசியல் நையாண்டி, விண்வெளி, சரித்திரம், பேய் என்று ஒன்று போல் இன்னொன்று இருக்காது. பேரைக் கேள்விப்பட்டவர்கள் பலர் நேராக ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யைப் போட்டுவிட்டு, அரை மணி நேரத்தில் கொட்டாவி விட்டு, “இந்த ஆள் நமக்குச் சரிப்பட மாட்டார்” என்று மூடிவிடுகிறார்கள். கோளாறு படத்தில் இல்லை. ஆரம்பித்த இடம் தப்பு, பாதி வீடுகளில் டிவி செட்டிங்கும் தப்பு.

முதலில் டிவி. சாம்சங்கில் ‘ஆட்டோ மோஷன் பிளஸ்’, எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’ என்று ஒரு வசதி இருக்கும். விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தின் நடுவே, டிவி தானாகச் சில ஃபிரேம்களைத் தயாரித்துச் செருகுகிற வேலை அது. அசைவெல்லாம் வழுக்கிக்கொண்டு போய், பார்க்க மெகா சீரியல் மாதிரி ஆகிவிடும். அதை அணையுங்கள். பிக்சர் மோடை ‘விவிட்’டிலிருந்து ‘சினிமா’வுக்கோ ‘ஃபிலிம்மேக்கர்’ மோடுக்கோ மாற்றுங்கள். ஷார்ப்னஸைக் குறையுங்கள். சவுண்ட்பாரில் ‘நைட் மோட்’ இருந்தால் அதுவும் வேண்டாம். ஓரங்களில் கறுப்புப் பட்டை வந்தால் ஜூம் செய்து நிரப்பாதீர்கள். ‘பாரி லிண்டன்’ 1.66 விகிதப் படம் (அகலம் உயரத்தைப் போல 1.66 மடங்கு), அகலத்திரை டிவியில் இடமும் வலமும் மெல்லிய பட்டை வரத்தான் வேண்டும்.

தொடங்க வேண்டிய படம் ‘தி கில்லிங்’ (1956). குதிரைப் பந்தய மைதானத்தில் ஒரு கொள்ளை, ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. கதை காலத்தில் முன்னும் பின்னும் தாவும். ஏழாவது பந்தயத்தின் அறிவிப்பு திரும்பத் திரும்பக் கேட்கும்போது குழம்ப வேண்டாம். ஒரே நேரத்தில் ஒவ்வொரு ஆளும் எங்கே இருந்தான் என்று காட்டுகிறார். அடுத்து ‘பாத்ஸ் ஆஃப் குளோரி’ (1957), 88 நிமிடம். முதல் உலகப் போரில் பிரெஞ்சுத் தளபதிகள் தங்கள் தவறை மறைக்க மூன்று சிப்பாய்களைப் பலியிடும் கதை. பிரான்ஸில் இது 1975 வரை திரைக்கு வரவில்லை. பதுங்குகுழிக்குள் கேமரா பின்வாங்கிக்கொண்டே போகும் நீண்ட ஷாட்டைக் கவனித்து வையுங்கள். பின்னால் வரும் படங்களில் அந்த நடையை மறுபடி பார்ப்பீர்கள்.

மூன்றாவது ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ (1964). அணுகுண்டு நையாண்டி. பீட்டர் செல்லர்ஸுக்கு மூன்று வேடம். சப்டைட்டில் கட்டாயம், ஏனென்றால் பாதி நகைச்சுவை பாத்திரங்களின் பெயர்களிலும் அதிகாரிகளின் விறைப்பான பேச்சிலும் இருக்கிறது.

பிறகு ‘தி ஷைனிங்’ (1980). இதில் பதிப்பைப் பார்த்து எடுக்க வேண்டும். அமெரிக்கப் பதிப்பு 144 நிமிடம். ஐரோப்பாவுக்குக் குப்ரிக்கே வெட்டிக் கொடுத்தது 119 நிமிடம். முதல்முறைக்கு நீளமானதே நல்லது, குடும்பம் உடைவது அதில்தான் படிப்படியாகத் தெரியும். சிறுவன் டேனி மூன்று சக்கர சைக்கிளில் ஓட்டல் தாழ்வாரத்தைச் சுற்றும் காட்சியில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மரத்தரையில் சக்கரம் கடகடவென்று இரையும், கம்பளத்தில் ஏறியதும் சத்தம் அமுங்கும், மறுபடி மரத்தரை, மறுபடி கடகட. ஸ்டெடிகேம், அதாவது ஆள் நடந்தாலும் குலுங்காத கேமரா அமைப்பு, அவன் முதுகுக்குப் பின்னால் தரையோடு தரையாக ஓடும். அடுத்த திருப்பத்தில் என்ன இருக்குமோ என்ற பயத்தை அந்தச் சத்தத்தின் ஏற்ற இறக்கம்தான் கிளப்புகிறது. நைட் மோட் வேண்டாம் என்றது இதற்காகத்தான். பெரிய சத்தத்தையும் சின்ன சத்தத்தையும் அது ஒரே அளவாக்கிவிடும்.

இப்போது ‘2001’ (1968). தொடக்கத்தில் சில நிமிடம் கறுப்புத் திரையும் இசையும் மட்டும் வரும். நெட் போய்விட்டது என்று நினைத்து ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். முதல் வசனம் வரவே சுமார் 25 நிமிடம் ஆகும். இடைவேளையும் படத்திலேயே இருக்கிறது, காபி போட அதுதான் நேரம். வெளியான சில நாட்களில் குப்ரிக் 19 நிமிடத்தை வெட்டிவிட்டதால் சரியான நீளம் சுமார் 142 நிமிடம். பழைய ஐரோப்பிய டிவிடியில் 136 என்று போட்டிருந்தால் வெட்டு என்று பயப்பட வேண்டாம். அங்கே விநாடிக்கு 25 ஃபிரேமாக ஓட்டுவதால் 4 சதவீதம் குறையும். கதைக்கு விளக்கம் தேடி பாதியில் கைபேசியைத் தொட்டால் படம் கைநழுவிவிடும். பார்த்து முடித்தபின் தேடலாம்.

‘பாரி லிண்டன்’ (1975) கடைசி. இவர் படங்களிலேயே உச்சம் இதுதான். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும், நடுவில் இடைவேளை உண்டு. நாசாவுக்காக ஸைஸ் என்ற ஜெர்மன் லென்ஸ் நிறுவனம் செய்த 0.7 அபெர்ச்சர் லென்ஸை (ஒளி புகும் திறப்பு மிகப் பெரியது) வைத்து, மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே சில உட்புறக் காட்சிகளை எடுத்தார்கள். அந்த அளவு திறந்த லென்ஸில் ஃபோகஸ் ஆழம் மிகக் குறைவு. நடிகர் கொஞ்சம் முன்னே சாய்ந்தாலே முகம் மங்கிவிடும். சீட்டாட்ட மேசைக் காட்சியில் எல்லோரும் சிலை போல் அசையாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். எனவே அந்த மென்மையைப் பிரிண்ட் கோளாறு என்று நினைத்து ஷார்ப்னஸை ஏற்றாதீர்கள். சுடரைச் சுற்றி வெள்ளைக் கோடுதான் விழும். அறை விளக்கை அணைத்துவிட்டு இரவில் பாருங்கள். கதைசொல்லி முடிவை முன்கூட்டியே போட்டு உடைப்பார், அதுவும் வேண்டுமென்றே செய்தது.

‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’, ‘ஃபுல் மெட்டல் ஜாக்கெட்’, ‘ஐஸ் வைட் ஷட்’ மூன்றும் இதற்குப் பிறகு எந்த வரிசையிலும் பார்க்கலாம். ஷைனிங்கையும் சேர்த்து இவை எதுவும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிற படமல்ல. ‘ஸ்பார்ட்டகஸ்’ படப்பிடிப்பு தொடங்கிய பிறகு கைக்கு வந்த வேலை, முழு அதிகாரம் அவரிடம் இல்லை. முதல் படமான ‘ஃபியர் அண்ட் டிசையர்’ யார் கண்ணிலும் படக் கூடாது என்றே அவர் விரும்பினார்; மற்றப் பன்னிரண்டையும் முடித்தவர்கள் மட்டும் தேடினால் போதும்.