மாணவரின் வரைவை இணையத்தில் வாசித்துக் கருத்துரைப்பது எப்படி? எழுத்து மையங்களில் புதிதாகச் சேரும் பயிற்றுநர்களுக்கு

அமெரிக்கக் கல்லூரிகளின் எழுத்து மையங்கள் கட்டுரையைத் திருத்திக் கொடுப்பதற்காக ஏற்பட்டவை அல்ல. தம் வரைவைத் தாமே சீர்செய்ய மாணவர் பழகும் இடங்கள் அவை. இந்தியானா மாநிலத்துப் பர்டூ பல்கலைக்கழகத்தில் 1976இல் தொடங்கிய மையம், 1994இல் தன் பயிற்சிக் கையேடுகளை எவரும் படிக்கும்படி இணையத்தில் வெளியிட்டது. கையேடுகளை வெளியிடுவதைவிட, மாணவரை நேரில் காணாமல் அவருடைய வரைவுக்குக் கருத்துரைப்பது கடினம். இணையத்திலேயே ஆவணம் எழுதிப் பகிர உதவும் கூகுள் டாக்ஸில் அதைச் செய்யும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதல் படி: வரைவோடு சேர்த்து, ஆசிரியர் கொடுத்த வினா, ஒப்படைக்க வேண்டிய நாள், மாணவருக்கு ஐயமுள்ள பகுதி ஆகிய மூன்றையும் ஒரு கூகுள் படிவத்தில் கேட்டு வாங்குங்கள். வினாவைப் பார்க்காமல் வரைவை வாசிக்காதீர்கள்.

இரண்டாம் படி: ஆவணம் மாணவரின் கணக்கிலேயே இருக்கட்டும். அவர் 'ஷேர்' பொத்தானை அழுத்தி, உங்கள் கல்லூரி மின்னஞ்சலைச் சேர்த்து, 'எடிட்டர்' (நேரடியாகத் திருத்துபவர்) என்பதற்குப் பதிலாகக் 'கமென்டர்' (கருத்துரை இடுபவர்) என்ற உரிமையைத் தர வேண்டும். இணைப்பு வைத்திருக்கும் எவரும் திறக்கலாம் என்ற அமைப்பைத் தவிர்க்கச் சொல்லுங்கள். மாணவரின் எழுத்து அவருக்கு உரியது.

மூன்றாம் படி: 'ஃபைல்' பட்டியலில் உள்ள 'வெர்ஷன் ஹிஸ்டரி' (ஆவணத்தின் பழைய நிலைகளைக் காட்டும் பதிவு) வழியாக, அப்போதைய நிலைக்கு 'முதல் வரைவு' என்று மாணவர் பெயரிட்டு வைக்கட்டும். இதன் பயன் இறுதியில் தெரியும்.

நான்காம் படிதான் இவ்வேலையின் உயிர். எதையும் குறிக்காமல் முழு வரைவையும் ஒருமுறை வாசியுங்கள். பிறகு ஒரு சொற்றொடரைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல், ஆல்ட், எம் ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் கருத்துரைப் பெட்டி திறக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை: கமென்டர் உரிமையிலும் நீங்கள் ஆவணத்துக்குள் தட்டச்சு செய்தால் அது பரிந்துரையாகப் பதிவாகும், மாணவர் ஒரே சொடுக்கில் அதை ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் அந்தச் சொடுக்கில் அவர் கற்பது ஒன்றுமில்லை. ஆகவே பெட்டிக்குள் மட்டுமே எழுதுங்கள். 'இந்தப் பத்தி தெளிவாக இல்லை' என்பதைவிட, 'இரண்டாம் பத்தியில் வாடகை உயர்வைச் சொன்னீர்கள், இங்கே பேருந்து வசதி வருகிறது. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று தேடினேன்' என்று எழுதுவது மாணவரைச் சிந்திக்க வைக்கும். ஒரே இலக்கணப் பிழை பல இடங்களில் வந்தால், ஓரிடத்தில் விதியை விளக்கிவிட்டு, மற்ற இடங்களை அவரையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஐந்தாறு கருத்துரைகளே போதும் என்பது என் கருத்து. பக்கம் முழுதும் குறிப்புகளைக் கண்டால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மாணவர் திகைத்துப் போவார். எதை முதலில் கவனிக்க வேண்டும் என்பதை, தலைப்பின் மீது இடும் ஒரு கருத்துரையில் கனிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம் படி: இயன்றால் ஜூமில் சிறிது நேரம் சந்தியுங்கள். திரையைப் பகிர்ந்து, வரைவை உரக்க வாசிப்பவர் மாணவராகவே இருக்கட்டும். இடறும் வாக்கியத்தை அவர் காதே காட்டிக்கொடுக்கும். அவருடைய திரையை இயக்கும் அனுமதியைக் கேட்காதீர்கள்.

திருத்திய பின் மீண்டும் சந்திக்கும்போது, பழைய நிலைகளைக் கமென்டரால் பார்க்க முடியாது என்பதால், மாணவரே 'முதல் வரைவை'த் திறந்து காட்ட வேண்டியிருக்கும். அப்போது எந்த மாற்றத்தை ஏன் செய்தார் என்று அவரையே விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.